ஆயா, தாத்தா, பேரப்பிள்ளைகளோடு இத்தாலியக் கிராமத்தில் ஒரு வாரம்

பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் ரிட்டையர் ஆன அப்பா அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போக நினைக்கும் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது ‘பத்து நாள், ஐந்து நாடு’ பாக்கேஜைத்தான். வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதைவிடப் பொருந்தாத ஏற்பாடு கிடையாது. விடிந்ததும் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டும், அடுத்து பஸ், அடுத்து இன்னொரு ஊர், ராத்திரி புது ஹோட்டல், புது பாத்ரூம். முட்டி வலி உள்ளவர் மூன்றாம் நாளிலிருந்து பஸ்ஸை விட்டே இறங்கமாட்டார். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் கெட்டால் மொத்தக் குடும்பத்துக்கும் கெடும்.

மூன்று தலைமுறை சேர்ந்து போவதென்றால் ஒரே வீடு, ஒரு வாரம். அதுவும் நகரத்தில் வேண்டாம், கிராமப்புறப் பண்ணை வீட்டில். இத்தாலியில் இதற்கு அக்ரிதுரிஸ்மோ என்று பெயர். விவசாயம் நடக்கும் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் முறை இது. 2006-ல் வந்த தேசியச் சட்டப்படி அங்கே விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், தங்கும் விடுதி இரண்டாவதுதான். அதனால் முட்டை, ஆலிவ் எண்ணெய், காய்கறி எல்லாம் பல இடங்களில் பண்ணையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இத்தாலிக் கிராமம் என்றதும் எல்லாரும் தேடுவது டஸ்கனி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பழைய ஊர்கள் குன்றின் உச்சியில் இருக்கின்றன. கார் நிறுத்தும் இடத்திலிருந்தே ஏற்றம் ஆரம்பிக்கும். வயதானவர்கள் கூட வந்தால் என் ஓட்டு தெற்கே பூலியாவுக்கு. பூட்ஸ் மாதிரி இருக்கும் இத்தாலி வரைபடத்தில் குதிகால் பக்கம். பெரும்பகுதி சமவெளி அல்லது மிதமான மேடு. கடல் கிட்டே இருக்கிறது. மீன் சாப்பிடும் ஊர். மொனோபோலி, ஒஸ்தூனி, லொகொரொத்தோந்தோ, சிஸ்தெர்னீனோ, அல்பெரொபெல்லோ என்று பார்க்க வேண்டிய ஊர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு வீடு எடுத்தால் எதற்கும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார வேண்டாம்.

வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பயணத்தின் முக்கால் பங்கு இருக்கிறது. போட்டோவில் நீச்சல் குளமும் ஆலிவ் மரமும் தெரியும், படிக்கட்டு தெரியாது. ஆகவே பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் எழுதிக் கேளுங்கள்: தரைத் தளத்தில் படுக்கை அறை உண்டா, அதே தளத்தில் குளியலறையும் உண்டா, வாசலில் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, குளிக்கும் இடம் தொட்டியா ஷவரா. தொட்டி என்றால் ஆயா ஒவ்வொரு நாளும் அந்த விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும், ஈரத்தில். ஷவர் இல்லாத வீட்டை விட்டுவிடுங்கள்.

பூலியாவில் வாடகை வீடுகள் பெரும்பாலும் இரண்டு வகை. மஸ்ஸெரியா என்பது மதில் சூழ்ந்த பழைய பண்ணை வளாகம். அறைகள் முற்றத்தைச் சுற்றித் தரைத் தளத்தில் இருக்கும் இடங்கள் நிறைய உண்டு, பத்துப் பேர் குடும்பத்துக்கு அதுதான் சரி. த்ரூல்லோ என்பது சுண்ணாம்புக் கல்லை சாந்தில்லாமல் அடுக்கிக் கூம்புக் கூரை போட்ட வீடு. அல்பெரொபெல்லோவின் த்ரூல்லோ வீடுகள் 1996-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. த்ரூல்லோவில் தங்குவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கதவு குள்ளம், ஜன்னல் சின்னது, கூம்புக்குள் பரண் போட்டு ஏணி வைத்து ‘நான்கு பேர் படுக்கலாம்’ என்று கணக்குக் காட்டுவார்கள். ஏணியில் ஏறும் படுக்கைகளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மீதி எத்தனை பேருக்கு இடம் என்று பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை ராத்திரி பாத்ரூம் போக அந்த ஏணியில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். பல பண்ணைகளில் இருக்காது. ஆழம் கேளுங்கள், எந்தத் தேதியிலிருந்து திறப்பார்கள் என்றும் கேளுங்கள். நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல் கடைசி, மே முதல் பாதியில் குளம் இருந்தாலும் நீர் சில்லென்றிருக்கும். மே கடைசிக்கு முன் திறக்காத வீடுகளும் உண்டு.

போலி விளம்பரம் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜனவரியிலிருந்து இத்தாலியில் குறுகிய கால வாடகைக்கு விடும் எந்த வீட்டுக்கும் சி.ஐ.என். என்ற தேசிய அடையாள எண் வேண்டும். விளம்பரத்திலும் வீட்டு வாசலிலும் அது இருக்க வேண்டும். எண் இல்லாத வீட்டுக்கு, அதுவும் புக்கிங் தளத்துக்கு வெளியே வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பச் சொன்னால், அனுப்பாதீர்கள். வாடகைக்கு மேல் என்னென்ன என்றும் கேட்டு வையுங்கள்: கடைசி நாள் துப்புரவுக் கட்டணம், படுக்கை விரிப்பு, ஊராட்சிக்கான தலைக்கு ஒரு ராத்திரி வரி. இந்த வரியை வந்து இறங்கியதும் ரொக்கமாகக் கேட்பார்கள். எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிந்துகொள்வார்கள். பயப்பட வேண்டாம், விருந்தினர் விவரத்தைப் போலீசுக்கு அனுப்புவது அவர்கள் மீதுள்ள சட்டக் கடமை.

குளிர் விஷயத்தில்தான் சென்னைக் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. மே மாதப் பகல் 20 முதல் 25 டிகிரி, நமக்கு மார்கழி மாதிரி சுகம். ராத்திரி உள்நாட்டில் 12 டிகிரிக்கு இறங்கும். கல் வீட்டின் சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமன். குளிர்காலக் குளிரை மே வரை பிடித்து வைத்திருக்கும், உள்ளே வெளியைவிடக் குளிரும். ஹீட்டர் போடலாமே என்றால், இத்தாலியில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர்களுக்கு ஊர்வாரியாகத் தேதி உண்டு. பாரி, பிரிந்திசி போன்ற கடலோர ஊர்களில் மார்ச் 31-ம், கொஞ்சம் மேட்டு நிலத்தில் ஏப்ரல் 15-ம் பொதுவாகக் கடைசி நாள். அதற்குப் பிறகு ரேடியேட்டர் சுவரில் தொங்கும், சூடாகாது. ஆகவே ஏப்ரல், மே பயணத்துக்கு ‘சூடு தரும் ஏசி அல்லது விறகடுப்பு உண்டா, கூடுதல் கம்பளி தருவீர்களா’ என்று கேட்டு பதிலை எழுத்தில் வாங்குங்கள். தாத்தாவுக்குக் குல்லா, கம்பளி சாக்ஸ், உள்ளே போட்டுக்கொள்ளும் தெர்மல் ஒரு ஜோடி. இவை எல்லாம் எம்.சி. ரோட்டிலேயே கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் போகாதீர்கள். வெயில் 35-ஐத் தாண்டும், வாடகை இரட்டிப்பாகும், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊரே விடுமுறையில் இருக்கும். விடுமுறைக்குக் கட்டுப்படாத குடும்பத்துக்கு செப்டம்பர்தான் சிறந்த மாதம். கடல் நீரும் இதமாக இருக்கும்.

அடுத்தது கரண்ட். மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் போலவே. மிக்சியும் ரைஸ் குக்கரும் அப்படியே ஓடும். ஆனால் பிளக் நுழையாது. நம் மூன்று முள் பிளக்கின் தடித்த முள்ளுக்கு அங்கே ஓட்டை இல்லை. பர்மா பஜாரில் அடாப்டர் வாங்கும்போது நம் மூன்று முள் பிளக்கை ஏற்று, மெல்லிய இரண்டு உருண்டை முள்ளாக வெளியே வருவதைக் கேளுங்கள். மிக்சிக்கும் குக்கருக்கும் 10 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். போன் சார்ஜருக்கான லேசான அடாப்டரில் 700 வாட் குக்கரைப் போட்டால் உருகும்.

இன்னொன்று, இத்தாலிய வீடுகளில் வழக்கமான மின் இணைப்பு மொத்தமே 3 கிலோவாட். 1200 வாட் கீசர், 2000 வாட் ஓவன், 700 வாட் ரைஸ் குக்கர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் மீட்டர் விழுந்து கரண்ட் போய்விடலாம். அந்த மீட்டர் பல பண்ணைகளில் வீட்டுக்குள் இருக்காது, சாலையோரக் கேட்டுப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். இருட்டில் டார்ச்சோடு நடக்க வேண்டும். சாவி வாங்கும்போதே மீட்டர் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். கீசர் கொள்ளளவையும் பாருங்கள். 80 லிட்டர் என்றால் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் குளிக்கலாம், பிறகு மறுபடி சூடாக மூன்று மணி நேரம் போல ஆகும். பெரியவர்கள் காலையில், பிள்ளைகள் சாயங்காலம் என்று பிரித்துவிட்டால் சண்டை இல்லை. கழிப்பறையில் தண்ணீர் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: 1975-ம் ஆண்டு சுகாதார விதிப்படி ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு குளியலறையில் பிடே என்ற, கழுவிக்கொள்வதற்கான தொட்டி இருக்க வேண்டும்.

சாப்பாடு. நெய், பால் பவுடர், பால்கோவா, பன்னீர், இறைச்சி ஊறுகாய் எதையும் எடுத்துப் போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருள் கொண்டு வரத் தடை. கைக்குழந்தைக்கான பால் பவுடருக்கு மட்டும் விலக்கு: கம்பெனி டப்பாவில், 2 கிலோ வரை. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், ஆகவே கறிவேப்பிலையைப் பொடியாக்கிக் கொண்டு போங்கள். எடுத்துப் போக வேண்டியது: புளி, சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, காய்ந்த மிளகாய், கடுகு, பெருங்காயம், துவரம்பருப்பு ஒரு கிலோ, மூன்று லிட்டர் பிரஷர் குக்கர். பத்துப் பேருக்கு ஒரு வாரத்துக்கு 200 கிராம் சாம்பார்ப் பொடியும் அரைக் கிலோ புளியும் தாராளம். எண்ணெய் ஊறுகாய் செக்-இன் பெட்டியில், இரண்டு கவர் போட்டு.

அரிசி தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பாஸ்மதியும் புழுங்கல் அரிசியும் சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கிறது. ரிசொத்தோவுக்கான ஆர்போரியோ அரிசி குழையும். சாதத்துக்கு ஆகாது, தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் அருமை. செமொலினோ என்ற பெயரில் ரவை விற்கும், பூலியா கோதுமை விளையும் பூமி. உடைத்த சிவப்பு லென்டில் என்பது நம் மைசூர் பருப்புதான். சர்க்கரை சேர்க்காத முழுப்பால் தயிரும் எங்கும் உண்டு. இட்லிக்கு ஆசைப்படாதீர்கள், 12 டிகிரி ராத்திரியில் மாவு பொங்காது. முடியவே முடியாதென்றால் ஓவனைச் சூடாக்காமல் உள் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். காலையில் எழும்பியிருக்கும்.

காசிமேட்டு மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மொனோபோலி மீன்கடைகளில் எதுவும் அந்நியமாகத் தெரியாது. நெத்திலி, மத்தி, கணவாய், இறால் எல்லாம் உண்டு. காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை படகுகள் போகாத ஊர்களில் திங்கட்கிழமை மீன் பழசு, பல கடைகள் மூடியே இருக்கும். பாரி பக்கத்து வீடுகளில் அரிசி, உருளைக்கிழங்கு, சிப்பி மூன்றையும் மண்சட்டியில் அடுக்கி ஓவனில் வேகவைப்பார்கள், அதை அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். கறிக்கு சிஸ்தெர்னீனோ. அங்கே கறிக்கடையே சாப்பாட்டுக் கடை: கண்ணாடிப் பெட்டியில் துண்டைக் காட்டினால் எடை போட்டுத் தணலில் சுட்டு மேசைக்குக் கொண்டு வருவார்கள். பொம்பெத்தே என்ற உருண்டைகள் பன்றிக்கறி. சாப்பிடாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். சைவ ஆயாவுக்குக் காய்ந்த மொச்சை வகைப் பயறை மசித்து, கசப்புக் கீரை வதக்கி மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுத் தரும் ஃபாவே எ சிகோரியா.

ஒரு சிக்கல்: ராத்திரி உணவகங்கள் ஏழரைக்கு முன் திறக்காது, சாப்பாடு மேசைக்கு வர எட்டரை ஆகும். சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு இது சரிவராது. மதியம் பன்னிரண்டரைக்கு வெளியே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி வீட்டில் ரசம் சாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவும் குறையும். கிராமக் கடைகள் மதியம் ஒன்றிலிருந்து நான்கு, ஐந்து வரை மூடியிருக்கும் என்பதால் காய்கறி, பால் எல்லாம் காலையிலேயே.

வண்டி இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. ஒன்பது சீட் வேன் எடுத்தால் ஒற்றுமையாகப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றும். நான் இரண்டு சாதாரண கார்தான் எடுக்கச் சொல்வேன். ஒன்பது பேர் உட்கார்ந்தால் வேனில் ஒன்பது பெட்டிக்கு இடமில்லை. வீட்டுக்குப் போகும் வழி இரண்டு பக்கமும் கற்சுவர் நெருங்கிய ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் வேனைப் பின்னெடுப்பவர் தடுமாறுவார், கீறலுக்கு இன்ஷூரன்ஸில் முதல் ஆயிரம் யூரோவோ அதற்கு மேலோ உங்கள் பாக்கெட்டிலிருந்து. எல்லாவற்றையும்விட, ஆயாவுக்கு அசதி என்றால் ஒரு கார் திரும்பிவிடலாம், பிள்ளைகளின் கடற்கரை கெடாது.

இரண்டு டிரைவருக்கும் நம் லைசென்ஸோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வேண்டும். உங்கள் பகுதி ஆர்.டி.ஓ.வுக்கு பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், ஒரு வருடம் செல்லும். டெபாசிட்டுக்கு டிரைவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை ஏற்காத கவுன்டர்கள் உண்டு. ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட்டு புக் செய்யுங்கள். வலது பக்கம் ஓட்டும் ஊரில் கியரை வலது கையால் போடப் பழகுவது தேவையில்லாத சுமை. தவறு நடப்பது நெரிசலில் அல்ல. காலையில் பண்ணையிலிருந்து ஆளில்லாத சாலைக்கு ஏறும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும்தான் கை தானாக இடது பக்கம் போகும். முன் சீட்டில் இருப்பவர் அந்த இரண்டு இடத்திலும் ‘ரைட்டு’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பங்கில் வட்டத்துக்குள் E எழுத்தோடு இருக்கும் குறி பெட்ரோல், சதுரத்துக்குள் இருப்பது டீசல். டேங்க் மூடியிலும் அதே வடிவம் இருக்கும், பொருத்திப் பாருங்கள். 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சைல்டு சீட் அல்லது பூஸ்டர் கட்டாயம். பழைய ஊர்களின் வாசலில் இசட்.டி.எல். (அனுமதி உள்ள வண்டிகள் மட்டும் போகும் பகுதி) என்ற பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள், கேமரா படம் எடுத்து அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கே வரும். வெள்ளைக் கோட்டுப் பார்க்கிங் இலவசம், நீலக் கோடு காசு.

விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே பயணம் என்றால் ஜனவரியிலேயே சென்னை மையத்தில் அப்பாயின்ட்மென்ட் பிடியுங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குள் 45 யூரோ, ஆறுக்குள் இலவசம். இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. வயதானவர்களுக்கு அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்தாதீர்கள்; ஏற்கெனவே உள்ள பிரஷர், சர்க்கரை, இதய நோயால் வரும் அவசரத்துக்குக் கவர் உண்டா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பிள்ளை செலவு ஏற்கிறார் என்றால் ஸ்பான்சர் கடிதம், அவரது வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, உறவைக் காட்டும் ஆவணம். அப்பாவின் பென்ஷன் ஆவணத்தையும் சேர்த்து வையுங்கள்.

தமிழ்க் குடும்பங்களில் தனியாக ஒரு தொல்லை, இனிஷியல். ஒரே குடும்பத்தில் தாத்தா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, மருமகளுக்கு அப்பா பெயர், பேரனுக்கு அப்பாவின் பெயர். இது குற்றமில்லை. ஆனால் டிக்கெட், இன்ஷூரன்ஸ், வீட்டு புக்கிங், விசா விண்ணப்பம் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பேரன் யாருக்குப் பிறந்தவன் என்பதைப் பெயர் காட்டாது, பிறப்புச் சான்றிதழ்தான் காட்டும். ஒரிஜினலைக் கையோடு வைத்திருங்கள்.

சென்னையிலிருந்து பூலியாவுக்கு நேர் விமானம் இல்லை. பிராங்க்பர்ட் வழியாகவோ, வளைகுடா வழியாக ரோம் போயோ பாரிக்கு மாற வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுங்கள், மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் (ஒரே விசாவில் போகும் ஐரோப்பிய நாடுகள்) எல்லையில் முதல் நுழைவின்போது முகப்படம், கைரேகை பதிகிறார்கள், வரிசை நீளம். பெரியவர்களுக்கு வீல்சேர் கேட்கத் தயங்காதீர்கள், இலவசம். குறைந்தது 48 மணி நேரம் முன் சொல்ல வேண்டும். விமானப் படிக்கட்டு ஏற முடியுமா முடியாதா என்பதையும் சொல்லுங்கள், அதற்கேற்ப வேறு ஏற்பாடு. இன்சுலின் கைப்பையில், டாக்டர் கடிதத்தோடு.

கோடைக் காலத்தில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால். தினம் ஐந்து மணிக்கு எழும் தாத்தா அங்கே முதல் ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து உட்காருவார். பிளாஸ்கில் வெந்நீர், பிஸ்கட், ஒரு சின்ன விளக்கு அவர் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஊர் பார்ப்பது ஒரு நாளைக்கு ஒன்று போதும். லொகொரொத்தோந்தோ பழைய ஊர் வட்டமானது, நடக்கச் சுலபம், பள்ளத்தாக்கைப் பார்த்த பூங்காவில் பெஞ்சுகள் உண்டு. ஒஸ்தூனி செங்குத்து, அங்கே பியாஜியோ ஆப்பே ஆட்டோவில் சுற்றிக் காட்டுகிறார்கள், பெரியவர்களை அதில் ஏற்றிவிடுங்கள். போலிஞ்ஞானோவின் புகழ்பெற்ற கடற்கரை முழுக்கக் கூழாங்கல், இறங்கப் படி வேறு. தாத்தா ஆயாவோடு போனால் மேலே பாலத்திலிருந்து பார்த்தால் போதும். குளிக்க தோர்ரே கான்னே பக்கத்து மணல் கரை, குடையும் நாற்காலியும் கழிப்பறையும் உள்ள கட்டணக் கரையாகப் பார்த்து. மத்தேராவுக்குப் போவதென்றால் ஊருக்குள் படி ஏறி இறங்காமல் எதிர்ப்பக்க மலையின் முர்ஜா திமோனே பார்வை மேட்டுக்குக் காரில் போகலாம். குகை வீடுகள் முழுவதும் அங்கிருந்து தெரியும்.

பண்ணை வீடுகளுக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் பெரும்பாலும் இருக்காது, கொன்த்ராதா என்ற வட்டாரப் பெயர் மட்டும்தான். ஆம்புலன்ஸுக்கு 112 அடித்தால் அது போதாது. வந்த அன்றே போனில் வீட்டின் ஜி.பி.எஸ். எண்களை எடுத்து, வீட்டுக்காரர் நம்பர், பெரியவர்களின் மருந்துகளின் ஜெனரிக் பெயர், ரத்த வகை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இரண்டு காரிலும் ஒரு நகல் இருக்கட்டும்.